திருப்பித் தராத இணைப்புகள்

"நீ நல்லா பேசற. போன் எடுத்து பதில் சொல்ற வேலைக்கு உன்னை மாதிரி ஆள் கிடைக்காது. இந்தப் பக்கம் உனக்கு எதுக்கு?"

திருப்பதியில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், எங்கள் டீம் லீடர் இப்படிக் கேட்டார். தெலுங்கில் கேட்டார், நான் தமிழில் எழுதுகிறேன். திட்டுகிற மாதிரி கேட்கவில்லை, பாராட்டுகிற மாதிரிதான் கேட்டார். "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மேசைக்கு அடியில் என் வலது கால் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரி என் முழங்காலில் கை வைத்து அழுத்தி நிறுத்தினாள். கை எடுத்ததும் மறுபடி ஆடியது.

எங்கள் அலுவலகம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. மொத்தமே பதினொரு பேர். சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். மாங்காய் ஏற்றிய வண்டி வாசலுக்கு வந்ததும் டோக்கன் கொடுப்பது, எடைமேடையில் எடையைப் பதிவது, எந்த வண்டி எப்போது உள்ளே போகலாம் என்று காட்டுவது எல்லாம் அந்த மென்பொருளின் வேலை. திரையை வடிவமைக்கிறவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஃபேக்டரிகளிலிருந்து வரும் போன்களுக்குப் பதில் சொல்கிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். திரைக்கும் பதிவுகளெல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருக்கிற நிரலை, அதாவது புரோகிராமை, எழுதுவதற்கு லீடரையும் சேர்த்து இரண்டே பேர். அவர்களில் ஒருவர் பெங்களூருக்குப் போய்விட்ட இடத்தில்தான் என்னை எடுத்தார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள். மாங்காய் சீசன் முடிந்ததும் நான் நிரல் எழுதும் பக்கமா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமா என்று லீடர் முடிவு செய்வார். எனக்குத் தமிழும் தெலுங்கும் இரண்டும் சரளம் என்பதால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்காக ஒரு நாற்காலி ஏற்கெனவே காலியாக இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும்.

போன் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். பேசத் தெரிகிறது என்பதற்காகப் படித்ததை ஓரமாக வைக்கச் சொன்னால் எப்படி வைப்பேன்? கர்வம் என்று சொல்வார்கள். இருக்கட்டும்.

எனக்குக் கொடுத்த முதல் வேலையிலேயே இரண்டு நாள் சிக்கிக்கொண்டேன். என் மடிக்கணினியில் ஓடிய நிரல், அலுவலக சர்வரில் போட்டதும் "பொருத்தமான டிரைவர் கிடைக்கவில்லை" என்று ஒரே வரியில் நின்றுவிட்டது. அதை எத்தனை தடவை படித்திருப்பேனோ. கல்லூரியில் டிரைவர் என்பதைத் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் படித்திருந்தேன். அது என்ன செய்கிறது என்பதை அந்த இரண்டு நாளில்தான் கற்றுக்கொண்டேன்.

ஃபேக்டரி வாசலில் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். இந்த வண்டிக்கு எத்தனையாவது டோக்கன் என்று எங்கள் புரோகிராமுக்குத் தெரிய வேண்டும். விடை டேட்டாபேஸில் இருக்கிறது. டேட்டாபேஸுக்கோ அதன் சொந்தப் பேச்சு வழக்கம் உண்டு; புரோகிராம் போய் நேராகக் கேட்டால் அதற்கு ஒன்றும் புரியாது. நடுவில் டிரைவர் என்ற சிறிய மென்பொருள் இருக்கிறது. அது டேட்டாபேஸின் முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டும். பெயரும் கடவுச்சொல்லும் காட்டும். உள்ளே விட்டால் ஓர் இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பு வழியாகக் கேள்வியை அனுப்பி, திரும்பி வரும் வரிசைகளை எங்கள் புரோகிராமுக்குப் புரிகிற மாதிரி பிரித்துக் கையில் கொடுக்கும். ஒவ்வொரு வகை டேட்டாபேஸுக்கும் தனித்தனி டிரைவர். ஒன்றின் டிரைவரை இன்னொன்றுக்கு வைத்தால் கதவிலேயே திருப்பி அனுப்பிவிடும். என் மடிக்கணினியில் அந்தக் கோப்பு இருந்தது, சர்வரில் யாரும் போடவில்லை. அவ்வளவுதான் விஷயம். போட்டதும் ஓடியது. லீடரிடம் சொன்னபோது, இதற்கா இரண்டு நாள் என்று புருவத்தைத் தூக்கினார்.

ஆனால் எனக்கு டிரைவரைப் பிடித்துப்போனது. அது செய்கிற வேலையை நான் பன்னிரண்டு வயதில் செய்திருக்கிறேன். எங்கள் ஊர் குடிபாலா பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் தெலுங்கு. அரசாங்கம் கொடுத்த ஒரு துண்டு நிலத்துக்குப் பட்டாப் பாஸ்புக் வாங்க என் அப்பா தாசில்தாரின் மண்டல ஆபீசுக்கு நடந்துகொண்டே இருந்தார். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெலுங்கு பேசுவார், ஆனால் அதிகாரி முன்னால் அந்தத் தெலுங்கும் தொண்டையில் நின்றுவிடும். அதனால் பள்ளிக்கு லீவு போட வைத்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் சொல்வதை நான் அதிகாரிக்குச் சொல்வேன். அதிகாரி நீட்டும் காகிதத்தைப் படித்து நைனாவுக்குச் சொல்வேன்.

அந்த அறையில் எப்போதும் கூட்டம். மேசைக்குப் பக்கத்தில் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் நைனா செய்கிற முதல் காரியம், மேசையின் மூலையை ஒரு கையால் பிடித்துக்கொள்வது. எங்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் கையை எடுக்க மாட்டார். போகலாம் என்று நான் சட்டையை இழுத்தால் குனிந்து என் காதில் சொல்வார்.

"மேசைய உட்டுடாத. உட்டா திரும்பி கிடைக்காது. இன்னும் எதுனா கையெழுத்து பாக்கி கீதான்னு கேளு."

பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். நைனா காது கேளாதவர் போல நிற்பார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ரேஷன் கடையில் அரிசி வாங்கிய பிறகும் கவுண்டரை விட்டு நகர மாட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறவர், பின்னால் வருகிறாரோ இல்லையோ, மச்சானுக்கும் சேர்த்தே போடுவார். தலைமுறை தலைமுறையாகக் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு, உள்ளே வந்த பிறகு வெளியே போவது ஒரு முட்டாள்தனமாகத்தான் தெரியும்.

அந்தக் கையை நான் திருப்பதிக்கும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அது எனக்குத் தெரியவில்லை.

லீடர் எழுதியிருந்த பழைய நிரல் ஒவ்வொரு டோக்கனுக்கும் டிரைவரைக் கூப்பிட்டு, புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, கேட்டு முடித்ததும் மூடிவிடும். கதவைத் தட்டுவதும் அடையாளம் காட்டுவதும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து நடக்கும். அதனால் மெதுவாக இருந்தது. சீசனில் இது தாங்காது என்று அவரே சொன்னார். வேகமாக்கு என்று என்னிடம் கொடுத்தார்.

இதற்கு ஒழுங்கான வழி ஒன்று உண்டு. பத்து இணைப்புகளைத் திறந்து பொதுவில் வைத்துவிட வேண்டும். யாருக்குத் தேவையோ அவர் ஒன்றை எடுத்து, கேட்டு முடித்த கணமே திரும்ப வைத்துவிட வேண்டும். அடுத்தவர் அதையே எடுத்துக்கொள்வார். ஒரு கேள்விக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் ஆகும் என்பதால், பத்து இணைப்பை வைத்துக்கொண்டு நூறு பேர் வேலை பார்க்கலாம். இதை நான் படித்திருந்தேன். படித்தும் நம்பவில்லை. கையிலிருப்பதைத் திரும்ப வைத்துவிட்டால், அடுத்த நொடி எனக்கு வேண்டும்போது காலியாக இல்லாவிட்டால் என்ன செய்வது? டோக்கன் நிற்குமே? சீசனில் நின்றால் என் பேரைத்தானே சொல்வார்கள்?

அதனால் வேறு மாதிரி எழுதினேன். வாசலில் யாராவது கணினித் திரையில் டோக்கன் ஜன்னலைத் திறந்ததும் அந்த ஜன்னலின் பேரில் ஓர் இணைப்பு எடுக்கப்படும். அந்த ஜன்னலுக்கே அது சொந்தம். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் பிறகு தட்ட வேண்டியதில்லை. அலுவலகத்தில் மூன்று கணினிகளில் ஓட்டிப் பார்த்தோம். பொத்தானை அழுத்தினால் அழுத்திய விரலை எடுப்பதற்குள் டோக்கன் வந்தது. லீடர் நான்கைந்து தடவை அழுத்திப் பார்த்தார். எழுந்து போனார். அவர் குறை சொல்லாமல் போவது நல்ல அறிகுறி என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. அன்று தண்ணீர் குடிக்கப் போகும்போது காலி நாற்காலியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் வந்தது. கூழுக்கான தோதாபுரி மாங்காய் இறங்க ஆரம்பித்ததும் ஃபேக்டரி வாசல்களில் டிராக்டரும் லாரியும் நிற்கத் தொடங்கின. என் நிரலை முதலில் சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் போட்டார்கள். முதல் இரண்டு நாள் வண்டிகள் குறைவு, நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு டோக்கன் நின்றது. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டார்கள், ஓடியது. ஒரு மணிக்கு மறுபடி நின்றது. மறுநாள் காலை ஒன்பதரைக்கே போன் வந்துவிட்டது. லீடர் என்னைப் பார்த்து, நீயே போ, அங்கே தமிழ்தான் பேசுகிறார்கள் என்றார். போய் அவர்கள் என்ன தப்பு செய்கிறார்கள் என்று பார்த்து வா என்றார். தப்பு அவர்களுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

திருப்பதியிலிருந்து சித்தூருக்கு இரண்டு மணி நேரம். மடியில் மடிக்கணினியைத் திறந்து என் நிரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே போனேன். ஒரு வரியிலும் பிழை தெரியவில்லை. சந்திரகிரி தாண்டும்போது பேட்டரியைக் காப்பாற்றலாம் என்று மூடினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, ஏம்மா பரீட்சையா என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஃபேக்டரிக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே வண்டி வரிசை ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ அதற்கு மேல் போகவில்லை. இறங்கி நடந்தேன். வெயிலில் மாங்காய் வாசனை இனிப்பாக இல்லை, புளித்த வாசனையாக இருந்தது. தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டார்கள்.

"கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க வந்திருக்குது" என்று ஒருவர் சொன்னார். "சீக்கிரம் எழுப்பும்மா அத. என் காயெல்லாம் பழமாயிக்கினு கீது."

"பழமானா நீயே துன்னு" என்றார் பக்கத்தில் இருந்தவர். "மூணு டன்னு. பொண்டாட்டிக்கும் ரெண்டு குடு."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேகமாக நடந்தேன்.

டோக்கன் அறையில் ஓர் அக்கா இருந்தார். நாற்பதுக்கு மேல் வயது. காது மேல் பேனா. கணினி நின்றுபோனதால் பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் கையால் எண் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாலசமுத்திரத்துக்காரர், பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. காய் பொறுக்கும் வேலையிலிருந்து இந்த நாற்காலிக்கு இந்த வருஷம்தான் வந்தாராம். நான் போவதற்குள் சூப்பர்வைசர் அவரைத் திட்டி முடித்திருந்தார். கண்ட பொத்தானை அழுத்திக் கெடுத்துவிட்டாள், நாளைக்குப் பழையபடி காய் பொறுக்க அனுப்புகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

"எனுக்குத்தான் தெரியல போலக்குது" என்றார் அக்கா, எழுதுவதை நிறுத்தாமல். "பத்தாவதோட சரி நானு."

காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். சர்வரைத் திரும்ப ஓட விட்டோம். அவர் உட்கார்ந்து டோக்கன் ஜன்னலைத் திறந்தார். பிறகு இன்னொன்று. இன்னொன்று. ஆறு ஜன்னல் திறந்து வரிசையாக வைத்தார்.

"எதுக்குக்கா ஆறு?"

"எடம் புடிச்சி வெச்சிக்கறேன். ஒண்ணு சிக்கிக்கினா இன்னொண்ணுல போடலாம் இல்ல? கூட்டம் வந்தப்புறம் தொறந்தா தொறக்குதோ இல்லியோ."

எடைமேடையில் இருந்தவரைக் கேட்டேன். அவரும் நான்கு திறந்து வைப்பாராம், வாசலில் மற்ற மூன்று கணினிகளிலும் இப்படித்தான். மூடினால் மறுபடி கிடைக்குமோ என்று யாரும் எதையும் மூடுவதில்லை. அப்படியே மூடினாலும் என் நிரலுக்கு அது தெரியாது. ஜன்னல் போன பிறகும் அதன் பேரில் எடுத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் அவர்கள் அடிக்கடி திரையைப் புதுப்பிப்பார்கள்; ஒவ்வொரு தடவையும் அதைப் புது ஜன்னல் என்று எண்ணி இன்னோர் இணைப்பை எடுக்கும்.

டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் நூறு இணைப்புகளைத்தான் உள்ளே விடும் என்று வைத்திருந்தோம். நிரம்பிப்போனாலும் நிர்வாகிக்கு மட்டும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கும். அன்று டோக்கன் மறுபடி நின்றதும் அந்த ஓர் இடத்தின் வழியாக நான் உள்ளே போனேன். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டேன். நூறு வரி வந்தது. ஒவ்வொரு வரியிலும் அந்த இணைப்பு இப்போது என்ன செய்கிறது என்று எழுதியிருக்கும். மேலிருந்து படித்தேன். தூங்குகிறது. தூங்குகிறது. தூங்குகிறது. நூறில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. நூறும் என் நிரல் எடுத்தவை. வேலை முடிந்த பிறகும் மேசை மூலையைப் பிடித்துக்கொண்டு நூறு பேர் நிற்கிறார்கள். வெளியே அரை கிலோமீட்டர் நீளத்துக்குக் காய் அழுகிக்கொண்டிருக்கிறது.

லீடருக்கு போன் செய்தேன். ஆறு ஜன்னல் திறக்கிறார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார். அதான் சொன்னேனே என்றார். வரம்பை நூறிலிருந்து ஐந்நூறு ஆக்கு, ஒரு ஜன்னலுக்கு மேல் திறக்கக் கூடாது என்று தாள் ஒட்டு, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பு. போனை வைத்துவிட்டார்.

சுலபமான வழி அது. ஐந்நூறு ஆக்கினால் அன்றைய பொழுது ஓடியிருக்கும். ஒவ்வொரு இணைப்பும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சம் தின்னும். அந்தச் சின்ன சர்வர் நான்கு நாளில் படுத்திருக்கும். அதற்குள் தாள் ஒட்டியாகிவிட்டிருக்கும், தப்பு வாசலில் இருப்பவர்களுடையது என்று எழுத்தில் இருக்கும். என் வேகமான நிரல் வேகமான நிரலாகவே இருக்கும். சீசன் முடிந்ததும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நான் இருப்பேன். இதெல்லாம் ஒரு நிமிடத்தில் மனசில் ஓடியது. ஓடவில்லை என்று எழுதினால் பொய்.

அக்கா ஒரு ரசீதைத் திருப்பி எண் எழுதினார். பேனா எழுதவில்லை. உதறினார். "இன்னா சொன்னாரு உங்க சாரு?" என்று கேட்டார்.

"தப்பு என்னுதுக்கா" என்றேன். "உங்களுது இல்ல."

அவர் முதலில் நம்பவில்லை. சும்மா சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னேன். ஆறு ஜன்னல் திறந்தாலும் அறுபது திறந்தாலும் நிற்காத மாதிரி எழுதியிருக்க வேண்டும், நான் எழுதவில்லை, இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே வரிசையைப் பார்த்தார். அக்கா நகர்ந்து பெஞ்சில் பாதி இடம் கொடுத்தார்.

எடைமேடை அறையின் மூலையில் உட்கார்ந்து திருத்தினேன். ஒவ்வொரு வண்டி ஏறும்போதும் தரை அதிரும், மடிக்கணினி துள்ளும். ஜன்னலின் பேரில் இணைப்பை வைத்துக்கொள்கிற வரிகளை எல்லாம் அழித்தேன். பொதுவில் பத்து, எடு, கேள், திரும்ப வை. எழுத வேண்டியது அதிகமில்லை. நடுவில் பிழை வந்தாலும் கேள்வி பாதியில் அறுந்தாலும் இணைப்பு திரும்பிப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதைத்தான் மூன்று இடத்தில் சரிபார்த்தேன். திரும்ப வைக்கும் வரியை எழுதும்போது விரல் தயங்கியது உண்மை. பத்து எப்படிப் போதும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டே முக்காலுக்குப் போட்டோம். ஆறு ஜன்னலையும் திறங்கள் அக்கா, பத்துகூடத் திறங்கள் என்றேன். அவர் எட்டு திறந்தார். டோக்கன் வர ஆரம்பித்தது. நான் பட்டியலைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வரி. அதில் ஒன்று விழிக்கும், தூங்கும். இன்னொன்று விழிக்கும், தூங்கும். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் விழித்து நான் பார்க்கவில்லை. வாசலில் நான்கு கணினி, எடைமேடையில் இரண்டு, எல்லாவற்றுக்கும் அந்த மூன்றே போதுமாக இருந்தது. ஐந்து மணி வரைக்கும் நாற்காலியில் ஒட்டாமல் எழுந்து எழுந்து நடந்தேன். டோக்கன் நிற்கவில்லை. வரிசை வாசலுக்குள் வந்துவிட்டது.

கிளம்பும் முன் லீடருக்கு மறுபடி போன் செய்தேன். வரம்பை ஏற்றவில்லை, தாள் ஒட்டவில்லை, தப்பு என் நிரலில் இருந்தது, மாற்றிவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன்.

"இதை நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரியும் சார்."

"சரி, வா."

அதற்குப் பிறகு சீசன் முழுக்க ஐந்து ஃபேக்டரிகளில் அந்த நிரல் ஓடியது. ஒரு தடவைகூட டோக்கன் நிற்கவில்லை. அக்கா அந்த நாற்காலியிலேயே இருந்தார். சின்னச் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் அலுவலகத்துக்கு போன் செய்து, அந்தப் பொண்ணு கிட்ட குடுங்க என்று கேட்பார். அவரைப் பார்த்து மற்ற ஃபேக்டரிக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கண்ணாடித் தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிடுவார்கள். நானும் போய்ப் பேசிவிட்டு வருவேன். காலி நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசுவேன்.

ஆகஸ்டில் லீடர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். நிரந்தர வேலை. வாடிக்கையாளர் உதவிப் பிரிவு.

நான் படித்து முடிக்கும் வரை காத்திருந்தார். என் நிரலில் குறை இல்லை என்றார், இப்போது அது நன்றாகவே ஓடுகிறது என்றார். ஆனால் நிரல் எழுத ஆள் கிடைப்பார்கள். தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு, வாசலில் நிற்கிறவர்களிடம் அவர்கள் பேச்சில் பேசி அமைதிப்படுத்துகிற ஆள் எங்கே கிடைப்பார்? "எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்கம்மா" என்றார். இந்தத் தடவையும் அது பாராட்டுதான். யோசித்து ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார்.

அந்த வாரம் என்னால் உட்கார முடியவில்லை. ஹாஸ்டல் அறையில் மூன்று அடி நடந்தால் சுவர்; நடந்தேன். ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனையா, பரிசா என்று எனக்கே புரியவில்லை. ஜூலையிலேயே, யாரிடமும் சொல்லாமல், சென்னையில் ஒரு சின்ன கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அவர்களுக்கு டிரைவர் எழுதுவதே தொழில். ஒரு தேர்வு வைத்தார்கள். ஒரு சிறு டேட்டாபேஸுக்கு நாமே டிரைவர் எழுத வேண்டும். கதவைத் தட்டுவதிலிருந்து வெளியே வருவது வரை. நான்கு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு எழுதி அனுப்பினேன். லீடர் கடிதம் கொடுத்த மூன்றாம் நாள் அவர்களிடமிருந்து பதில் வந்தது. மூன்று மாத ஒப்பந்தம், பயிற்சியாளர். அதற்குப் பிறகு பார்க்கலாம். நிரந்தரம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நைனா கொல்லையில் குந்திக்கொண்டு சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். இரண்டு கடிதத்தையும் படித்துச் சொன்னேன். ஒன்று தெலுங்குக்காரர் கொடுத்தது, இருக்கிற வேலை. இன்னொன்று மூன்று மாசம். அம்மா வாசற்படியிலிருந்தே, கையில கீறத உட்டுட்டு போவாத என்று சொல்லிவிட்டார். நைனாவும் அதையேதான் சொல்லப்போகிறார் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். நூறு இணைப்பு, பத்து இணைப்பு என்று விளக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

அவர் ஊசியை எடுத்து ஊதினார். "அந்த மூணு மாசத்துல நீ இன்னா வேலை செய்வ?"

"திருப்பதில செய்ய ஆசப்பட்டேனே, அந்த வேலை நைனா."

"அப்ப இன்னாத்துக்கு குந்திக்கினு கீற?"

"மேசைய உட்டா திரும்பி கிடைக்காதுன்னு நீதானே சொன்ன."

குழாயைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் வந்தது. "எனுக்கு படிக்கத் தெரியாது, அதனால புடிச்சிக்கினு நின்னேன்" என்றார். "உனுக்கு இன்னா கேடு?"

அடுத்த அடைப்புக்கு நகர்ந்துவிட்டார். அம்மா உள்ளே போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை, இன்றுவரை சம்மதிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை லீடர் அறைக்குப் போய், கையெழுத்துப் போடாத கடிதத்தை அவர் மேசை மேல் வைத்தேன். சென்னையில் மூன்று மாத ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது, இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் திரும்பி வர வேண்டியிருந்தால் என்று ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த இரண்டு வாரமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று அடுத்து வருபவருக்காக எழுதி வைத்தேன். திரும்ப வைக்கும் வரிக்கு மேலே மட்டும், இதை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தோடு தெலுங்கிலும் எழுதினேன்.

கடைசி நாள் அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். "அங்கயும் ஜன்னல் தொறக்கற வேலையா?" என்று கேட்டார். கதவு தட்டுகிற வேலை என்றேன். நல்லா தட்டு என்றார்.

நேற்றுக் காலை சித்தூர் பஸ் ஸ்டாண்டில் சென்னைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோர இடம். யாரோ வெளியிலிருந்து கையை நீட்டி, முன் இருக்கையில் இரண்டு துண்டு போட்டார். என் பக்கத்து இருக்கையில் என் பை மட்டும் இருந்தது. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.